தாண்டவராயன் மறந்த அறை

எங்கள் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில், முதல் மாடித் தாழ்வாரத்தில், தேர்வுப் பிரிவுக்கும் நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பறைக்கும் நடுவே, ஆடி அமாவாசை விடுமுறை கழிந்து நாங்கள் வேலைக்கு வந்த காலையில் ஒரு கதவு இருந்தது. முந்தின வேலைநாள் வரைக்கும் அங்கே வெறும் சுவர்தான், சுவரில் பழைய துணைவேந்தர் ஒருவரின் படம் தொங்கும். அந்தப் படத்தைக் கழற்றி, கண்ணாடி உடையாமல், பக்கத்து ஜன்னல் ஓரத்தில் சாத்தி வைத்திருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே பெண்களுக்கான கழிப்பறை, வெள்ளை ஓடு பதித்து, உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவுகளோடு, கைப்பை மாட்டக் கொக்கியோடு, மூடிபோட்ட குப்பைத்தொட்டியோடு, வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் காற்று வரும் ஜன்னலோடு, திருகினால் தண்ணீர் கொட்டும் குழாயோடு இருந்தது. மொட்டைமாடித் தொட்டி காலியாகக் கிடக்கிற நாளில்கூட அந்தக் குழாயில் தண்ணீர் வந்தது. இதைக் கட்டினவன் யாராக இருக்கும் என்று ஒருத்தி கேட்க, கொக்கியின் உயரத்தைப் பார்த்துவிட்டு, கட்டினவன் இல்லை, கட்டினவள் என்று இன்னொருத்தி சொன்னாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எப்படி வந்தது என்று நீங்களும் கேட்காதீர்கள், எங்களுக்கே அதற்கு நேரம் இருக்கவில்லை. கட்டடப் பிரிவு உதவிப் பொறியாளர் மட்டும் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, தேர்வுப் பிரிவை உள்ளே அளந்து, என் காப்பறையை உள்ளே அளந்து, இரண்டும் துளிகூடக் குறையவில்லை, நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர்தான், அந்தச் சுவருக்குள் இத்தனை பெரிய அறை நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். இயற்பியல் துறைப் பேராசிரியை ஒருவர் வந்து, காலவெளியில் அப்படிச் சில மடிப்புகள் இருக்கத்தான் செய்யும் என்று விளக்கினார்; விளக்கும்போது அவரும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை யாரோ நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கைப்பிடியில் ஒரு முழம் பிச்சிப்பூ சுற்றிவிட்டுப் போனார்கள், பிறகு வெள்ளிதோறும் அது நடந்தது.

அதற்கு முன்னால் எப்படி இருந்தோம் என்பதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஆண்களுக்கு மாடிக்கு இரண்டு கழிப்பறை உண்டு, துணைவேந்தருக்குத் தனியாக ஒன்று உண்டு, கீழே கார் ஓட்டுநர்களுக்குக்கூட ஒன்று உண்டு, பெண்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது. கட்டி அறுபது வருஷம் ஆகிறது. நாங்கள் தார் ரோட்டைத் தாண்டி, தாவரவியல் துறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் விடுதிக்குப் போவோம், வெயிலில் இருவர் இருவராகப் போவோம், மழையில் போகமாட்டோம். விடுதி வளாகத்தில்தான் வங்கிக் கிளையும் இருந்தது, ஆகையால் "பேங்க்குக்குப் போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் தொடங்கிவைத்த பழக்கம். ஒரு தடவை அலுவலர் கூட்டத்தில் பதிவாளர், இந்தப் பெண்கள் அப்படி எதைத்தான் தினமும் பேங்கில் கொண்டுபோய்ப் போடுகிறார்களோ என்று வேடிக்கையாகச் சொல்ல, ஆண்கள் எல்லாம் சிரித்தார்கள், நாங்கள் குனிந்துகொண்டோம். காலையில் காபி குடிக்காமல் வருவது, மதியம் வரை தண்ணீர்ப் புட்டியைத் தொடாமல் இருப்பது, தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டு மோரை விட்டுவிடுவது, இதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொருத்தியும் படித்துக்கொள்கிற பாடம்.

அந்தப் பாடத்தை எல்லாரையும்விட நன்றாகப் படித்தவள் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் செண்பகவல்லி. விடைத்தாள் கட்டுகள் அவள் பொறுப்பில் இருந்ததால் அறையைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும், பூட்ட வேண்டும் என்றால் சாவிக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தத் தொல்லைக்குப் பயந்து அவள் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். அப்படி அடக்கி அடக்கி ஒரு சிறுநீரகம் வேலையை நிறுத்திக்கொண்டது, இன்னொன்றையாவது காப்பாற்ற வேண்டுமானால் மணிக்கொரு தரம் தண்ணீர் குடி என்று பாளையங்கோட்டை டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார். குடித்தால் போக வேண்டும், போனால் வேலை நடக்காது, வேலையை விட்டால் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று அவள் என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்தக் கதவு வந்தது. அவள் அன்றைக்கு முதல் ஆளாக உள்ளே போய்விட்டு வந்து, மேசையில் உட்கார்ந்து, ஒரு புட்டித் தண்ணீரையும் மடமடவென்று குடித்துவிட்டு, பிரிவே பார்க்க அழுதாள்.

எந்த அதிசயம் வந்தாலும் எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு கோப்பு போட்டுவிடுவார்கள். இதற்கும் போட்டார்கள், ஆனால் தலைப்பு எழுத முடியவில்லை. கழிப்பறை என்று எழுதக் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளருக்குக் கூச்சம், பெண்கள் என்று சேர்த்து எழுத இன்னும் கூச்சம், அதனால் 'முதல் தளத்தில் காணப்படும் கூடுதல் வசதி' என்று எழுதி, எந்த வசதி என்று சொல்லாமலே அது ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கியது. பதிவாளர் சூரியமூர்த்தி நல்ல மனிதர்தான், பெண்டாட்டி பிள்ளைகளோடு குற்றாலம் போகிறவர்தான், அவர்கூட அதைப்பற்றிப் பேசும்போது 'அந்த இது' என்றே சொல்லி, கூரையைப் பார்த்துக்கொள்வார். தாழ்வாரத்தில் நாங்கள் அந்தப் பக்கம் நடந்தால் ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். துப்புரவுப் பணியாளர் முத்துக்கனி, வரைபடத்தில் இருக்கிற கழிப்பறைகளைத்தான் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனாலும் இதையும் கழுவுகிறேன் என்று தானாகவே கழுவினாள், நாங்களும் அது அவள் வேலை என்றே இருந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அவள் வாளியோடு வாசலில் நின்று, "ஏக்கா, நானும் இதுலயே போய்க்கிடலாமா?" என்று செண்பகவல்லியிடம் கேட்டாள். அதுவரைக்கும் அவள் விடுதிக்குத்தான் நடந்திருக்கிறாள், அது ஒருத்திக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு எங்களுக்கு வந்த வெட்கத்தில் முறைபோட்டு நாங்களே கழுவத் தொடங்கினோம், என் முறை புதன்கிழமை.

சேதி எப்படித்தான் பரவுமோ, மகளின் பட்டச் சான்றிதழ் வாங்க வள்ளியூரிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வருகிற தாய்மார்கள், வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள், பேருந்துக்காக நிற்கிற பிள்ளைத்தாய்ச்சிகள் என்று எல்லாரும் மாடியேறி வந்தார்கள், காவலாளி முதலில் அடையாள அட்டை கேட்டார், பிறகு அவர் மருமகளே வரவும் கேட்பதை விட்டுவிட்டார். அறையில் இடம் போதாமல் போனதே இல்லை. ஆவணி பிறந்து புரட்டாசி வந்தபோது அந்தக் கதவு அங்கே எந்தக் காலத்திலும் இருந்த மாதிரி ஆகிவிட்டது, சிறுநீரகக் கோளாறால் செண்பகவல்லிக்கு வந்திருந்த முகவீக்கமும் வடிந்துவிட்டது.

அப்போதுதான் வைரவிழா வந்தது. விழாவுக்கு முன்னால் அரசுப் பொறியாளர்கள் வந்து கட்டடத்துக்கு உறுதிச் சான்று கொடுக்க வேண்டும், கட்டடம் மூல வரைபடத்தோடு பொருந்த வேண்டும், பொருந்தாத எதுவும் அனுமதியற்ற கட்டுமானம். வரைபடத்தில் இல்லாத அறையை நான் எப்படியம்மா வைத்துக்கொள்வது என்று பதிவாளர் வருத்தமாகத்தான் கேட்டார், வருத்தத்தோடேயே வாசலை அடைக்கச் செங்கல்லும் மணலும் இறக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் கூடிப் பேசி, பதிவாளரிடம் போய்க் கேட்கச் செண்பகவல்லியை அனுப்பினோம். அவள் அவர் மேசைக்கு முன்னால் நின்று, அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமே என்று நினைத்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ள, விடைத்தாள் கட்டுக்குச் சணல் வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அவளை நாங்கள் திட்டவில்லை, வேறு யார் போயிருந்தாலும் சணல்தான் வந்திருக்கும்.

பதிவாளரே ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டடத்தை வரைந்தது சென்னையில் இருந்த தாண்டவராயன் அண்ட் மிராண்டா என்ற நிறுவனம். மிராண்டா காலமாகி, நிறுவனமும் மூடப்பட்டு, அவர்களுடைய வரைபடங்கள் எல்லாம் தகரக் குழல்களில் அடைபட்டு என் காப்பறைக்குத்தான் வந்திருந்தன, விழா மலருக்காக அந்த நிறுவனத்தின் வரலாற்றையும் எங்கள் அலுவலகங்களின் வரலாற்றையும் நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வருஷம் தொடங்கியது, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு மாறியது, எந்தக் கூட்டாளி எப்போது சேர்ந்தார், எந்தப் பிரிவு எப்போது இரண்டானது, எந்த இரண்டு பிரிவு எப்போது ஒன்றானது. இந்த மாதிரி வரலாறுகளில் யாருக்கும் தாகம் எடுக்காது, யாரும் எழுந்து வெளியே போகமாட்டார்கள், நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பெரியவர் தாண்டவராயன் இன்னும் உயிரோடு இருந்தார். அந்த அறை தன் திட்டத்தில் இருந்தது என்று அவர் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் செங்கல்லுக்கு வேலை இல்லை, இல்லை என்றால் மறுநாளே கொத்தனார் வந்துவிடுவார் என்று பதிவாளர் சொன்னார்.

அவர் வந்தார். தொண்ணூறை நெருங்கியவர், சலவை வேட்டி, வெள்ளிப்பூண் போட்ட தடி, குரலில் மட்டும் வயசு ஏறவில்லை. காரிலிருந்து இறங்கினதும் இளநீர் கொடுத்தார்கள், பதிவாளர் அறையில் காபி, துணைவேந்தர் அறையில் இன்னொரு காபி, என் காப்பறைக்கு வந்தபோது நாங்கள் எங்கள் பங்குக்கு டீ வாங்கி வைத்திருந்தோம். தாழ்வாரத்தில் அந்தக் கதவைப் பார்த்து நின்றார், நிலையைத் தடியால் தட்டிப் பார்த்தார், எங்கள் ஆசாரிகளைவிட நல்ல வேலை என்று மனசாரச் சொன்னார். பிறகு என் மேசையில் மூல வரைபடத்தை விரித்துக்கொண்டு, மழையில் வருகிறவர்களுக்குக் குடை சாய்த்து வைக்க இடம் விட்டதையும், புறா அடையாதபடி கார்னிஸைச் சரித்ததையும், துணைவேந்தர் கார் வெயிலில் நிற்காமல் இருக்கச் சூரியனின் போக்கைக் கணக்கிட்டதையும் பெருமையோடு காட்டினார். நாங்கள் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்டோம், பதிவாளர் மாலைக்கும் புகைப்படத்துக்கும் ஏற்பாடு செய்யக் கீழே போயிருந்தார்.

அவருக்கு விஷயம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. அந்த அறை நாங்கள் போட்டதுதான், போடாமல் இருந்திருக்கமாட்டோம், படத்தை நகலெடுத்தவன்தான் விட்டிருப்பான் என்று அவர் சொல்லி, பழைய தேதியிலேயே அதை வரைந்துவிடலாம் என்று பேனாவைக் கேட்டார். நான் சந்தோஷமாக எடுத்து நீட்டினேன். முத்துக்கனி பின்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சார், அப்ப நாங்க எங்க போனோம்?"

கேட்டது செண்பகவல்லி. அவருக்குப் புரியவில்லை. அவள் கைகளைச் சேலைத் தலைப்பில் முறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஆரம்பத்துலருந்தே இருந்துச்சுன்னு நீங்க எழுதிட்டா, ரூம் இருந்தும் ரோட்டைத் தாண்டி ஓடின கிறுக்கச்சிகன்னுல்லா நாங்க ஆவோம். எனக்கு ஒரு கிட்னி போயிட்டு சார். அது எதுனாலன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்ல?"

அந்தக் காலத்தில் பெண்கள் வேலைக்கு வரவில்லையே அம்மா என்று அவர் மெதுவாகச் சொன்னார். நான் விழா மலருக்காகத் தேடி வைத்திருந்த திறப்புவிழாப் புகைப்படத்தை எடுத்து வைத்தேன். முன்வரிசையில் மூன்று பெண்கள், இருவர் தட்டச்சர், ஒருவர் தொலைபேசி இயக்குபவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவருக்கு மூவரின் பெயரும் ஞாபகம் இருந்தது, அவருடைய கடிதங்களை அவர்கள்தான் தட்டச்சு செய்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேசியது எங்களிடமா, தனக்குத்தானா என்று தெரியவில்லை. அதே திறப்புவிழாவுக்குத் தன் மனைவியையும் புதுப்பட்டு கட்டிக் கூட்டி வந்ததாகவும், காலையிலிருந்து பேச்சு முடிகிறவரை அவள் மேடைக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்ததாகவும், திரும்பும்போது கயத்தாறு தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லி அழுதபடி உடைமரங்களுக்குள் ஓடியதாகவும், ஓட்டுநர் பார்க்க இப்படி மானத்தை வாங்கிவிட்டாயே என்று தான் மதுரை வரைக்கும் அவளோடு பேசாமல் வந்ததாகவும் சொன்னார். அவள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, ஒரு நாளும் இதை நான் அந்தக் கட்டடத்தோடு சேர்த்து நினைக்கவில்லை என்றார்.

அவர்கள் நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. வரைந்து கையெழுத்தான படத்தில் ஒரு கோடு மாற்றினாலும், கீழ்மூலையில் திருத்தக் கட்டம் என்ற சின்னப் பெட்டியில் என்ன மாற்றம், என்ன தேதி, என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், காரணம் எழுதாத திருத்தத்தை மிராண்டா கிழித்துப் போட்டுவிடுவாராம். அப்படி முறையாகத் திருத்திவிட்டால் அது மூல வரைபடத்தில் சேர்ந்துவிடும், அரசுப் பொறியாளரும் ஏற்றுக்கொள்வார். பழைய தேதி வேண்டாம், இன்றைய தேதியில் திருத்தமாகவே போடுகிறேன் என்று அவர் சொல்லி, ஒவ்வொரு கோடாக, அந்த அறையை வரைந்தார். நேரம் ஆயிற்று. இளநீரும் காபியும் டீயும் அவரைப் படுத்துவது எங்களுக்குத் தெரிந்தது, எங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும், அவர் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

காரணம் என்ற இடத்தில் அவர் 'வசதி கருதி' என்று எழுதினார். செண்பகவல்லி குனிந்து படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அதை அடித்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடியே இருந்தார், எழுத வரவில்லை. பிறகு தடியை ஊன்றி எழுந்து, ஒரு நிமிஷம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றார். ஆண்கள் கழிப்பறை எதிரேதான், எட்டி வைத்தால் வந்துவிடும்.

"எழுதிட்டுப் போங்க சார்" என்றாள் செண்பகவல்லி.

அவள் குரல் உயரவில்லை. பதிவாளரிடம் சணல் கேட்டுவிட்டு வந்தவள் வாயிலிருந்துதான் அது வந்தது, அவளே பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை, நாங்களும் விலகி வழிவிடவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் சாயங்காலம் வரைக்குமா அடக்கிக்கொண்டு இருப்பீர்கள் என்று கேட்டார், அவள் ஆமாம் என்றாள். அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

அவர் எழுதிய வரி இன்றைக்கும் அந்தப் படத்தில் இருக்கிறது: 'பெண்களை நான் நினைக்கவே இல்லை.' அந்த ஒரு வரியால்தான் அறை நின்றது. அரசுப் பொறியாளர் கையெழுத்தைப் பார்த்தார், காரணத்தைப் படித்தார், கூரையைப் பார்த்தார், சான்று கொடுத்துவிட்டார். செங்கல்லை சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனார்கள். செண்பகவல்லி வேலையில் இருக்கிறாள், ஒற்றைச் சிறுநீரகம் தெம்பாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊர் இவ்வளவையும் சொல்லும், இதற்கு மேல் ஊருக்குத் தெரியாது.

கையெழுத்தின் கடைசிச் சுழியை இழுத்து முடித்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் தரை நனைந்து, அது மெதுவாக என் அலமாரி வரைக்கும் வந்தது. அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. எங்களுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வயசான மனுஷரை இப்படிச் செய்துவிட்டோமே என்று ஒரு வெட்கம், அவர் எழுதினது எழுதினபடி இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு பிடிவாதம், அந்தப் பிடிவாதத்துக்காக இன்னொரு வெட்கம். முத்துக்கனி துணியை எடுக்கப் போக, செண்பகவல்லி அதைத் தன் கையில் வாங்கி, மண்டியிட்டு, தானே துடைத்தாள்.

கீழே முன்மண்டபத்தில் பதிவாளர் ரோஜாமாலையோடும் புகைப்படக்காரரோடும் காத்துக்கொண்டிருந்தார், கார் அதைத் தாண்டித்தான் நின்றது, வேறு வழி இல்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எங்களில் ஒருத்திக்குச் சேலையில் கறை பட்டுவிட்டால் எப்படிச் சேர்ந்துகொள்வோமோ அப்படியே, இருவர் முன்னால், பக்கத்துக்கு இருவர், பின்னால் ஒட்டினாற்போல் செண்பகவல்லி என்று அவரைச் சூழ்ந்துகொண்டு, அவர் நடைக்கு நடையாகப் படியிறங்கினோம். பதிவாளர் மாலையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார், சாருக்கு அசதியாக இருக்கிறது, நாங்கள் கூட்டிப் போகிறோம் என்று சொல்லி அவரை நெருங்கவிடாமல் நடந்தோம். மண்டபத்தில் ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

நடுவில் வந்த தாண்டவராயன், தலையைத் திருப்பாமல், உதடு மட்டும் அசைய, "தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றாள் செண்பகவல்லி. "நடங்க."